எண்பதைத் தாண்டினால் ஒரு பீப்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எந்த வீட்டில் தறி ஓடுகிறது என்று உள்ளே எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. தெருவில் நடந்தாலே கேட்கும். சத்தம் சட்டென்று நின்றால் அடுப்படியில் இருப்பவர்கூடத் தலையைத் திருப்புவார்: இழை அறுந்துவிட்டதோ?

அந்த ஊர் பஸ் ஓட்டுநருக்கும் இப்படியொரு காது உண்டு. கியரை மாற்றாமல் இழுத்தால் இன்ஜின் கத்தும். வேகம் குறைந்த பிறகும் டாப் கியரிலேயே போனால் முக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சீரான முனகல் இருக்கிறது. டீசல் மிச்சமாவது அதில்தான். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று டெப்போவில் கணக்குப் பார்ப்பதால், 'கே.எம்.பி.எல்.' என்பது அவர்கள் வாயில் பேட்டாவைப் போலவே புழங்கும் சொல். ஊருக்குள் மூங்கில் மண்டபம் நெரிசலில் மீட்டரைப் பார்த்துக்கொண்டு ஓட்ட முடியுமா? கண்ணுக்குத்தான் ஆயிரம் வேலை. காது சும்மாதானே இருக்கிறது!

புதிய கார்களில் கண்ணாடியை ஏற்றிவிட்டால் இன்ஜின் பேசுவது பாதிகூட உள்ளே வராது. அதனால்தானோ என்னவோ, சத்தத்தைத் தனியாகப் பொருத்த வேண்டியதாயிற்று. 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களுக்கு வேக எச்சரிக்கை ஒலி கட்டாயமானது. மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டு 'பீப்'. 120ஐத் தாண்டினால் ஓயாமல். விபத்தைக் குறைக்க வந்த ஏற்பாடு இது. ஆனால் பெட்ரோலுக்கும் நல்லது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 80லிருந்து 100க்குப் போனாலே அது ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். 1978இல் தொடங்கிய பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சி சங்கம் சொல்லிவரும் சிக்கன வேகமோ 45 முதல் 55தான்.

ஓசூர் டி.வி.எஸ். நிறுவனத்தின் ஜூபிடர் ஸ்கூட்டரில் சிக்கனமாக ஓட்டினால் விளக்கு எரியும். நல்ல யோசனை, என்ன, குனிந்து பார்க்க வேண்டும். பீப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது எல்லை மீறிய பிறகுதான் வாய் திறக்கும். சிக்னலில் பச்சை விழுந்ததும் ஆக்ஸிலரேட்டரை ஒரே மிதியாக மிதிப்பவரை அது ஒன்றும் கேட்காது. பழைய இன்ஜின் அங்கேயே கத்தியிருக்கும்.

சென்னையிலிருந்து முகூர்த்தப் பட்டெடுக்க வரும் வாடகைக் கார்கள் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையைக் கடந்துதான் வருகின்றன. ஶ்ரீபெரும்புதூர் தாண்டிச் சாலை விரிந்ததும் பீப் தொடங்கும்.

"என்ன தம்பி சத்தம்?" என்பார் பின்சீட்டு அம்மா.

"ஒண்ணுமில்லம்மா, வண்டி அப்படித்தான்" என்று பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவார் ஓட்டுநர். காஞ்சிபுரத்துக்காகப் பொன்னேரிக்கரையில் திரும்பும்போதுதான் பீப் ஓயும்.