பலித்துவிட்ட வேண்டுதல்கள்

வேண்டுதல் பலிக்காமல் போன துயரத்தை எல்லா மொழிக் கதைகளும் பாடியிருக்கின்றன. பலித்துவிட்டதால் வந்த துயரத்தைச் சொல்வதில் பாரசீகக் கவிகளை மிஞ்ச ஆளில்லை என்பது என் கட்சி.

தூஸ் நகரத்து ஃபிர்தௌசி 1010இல் முடித்த ஷாநாமா காவியத்தில் மாவீரன் ருஸ்தம் படும் பாட்டைப் பாருங்கள். சோராபுடன் நடந்த மற்போரில் கீழே விழுந்துவிடுகிறான். ஏதோ வழக்கம் சொல்லி உயிர் தப்பி, நேரே ஓடைக்குப் போகிறான். தண்ணீர் குடிக்கிறான், உடம்பைக் கழுவிக்கொள்கிறான், இறைவனிடம் வெற்றி கேட்கிறான். பரவலாக அச்சான பதிப்புகளில் இன்னொரு செய்தியும் உண்டு. இளவயதில் அவன் நடந்தால் பாறையிலும் கால் புதையுமாம். அந்தப் பலத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள் என்று அன்றே வேண்டிக் குறைத்துக்கொண்டவன், இப்போது அதைத் திருப்பிக் கேட்கிறான். கிடைக்கிறது. அந்தப் பலத்தோடு போய்ச் சோராபை வீழ்த்திக் குத்திவிடுகிறான். குத்துப்பட்டவன் தன் மகன் என்பது அதற்குப் பிறகுதான் தெரிகிறது.

ஜெயிக்க வை என்று கேட்டவனுக்கு, எதிரே நிற்பவன் யாரென்று காட்டு எனக் கேட்கத் தோன்றவில்லை. நமக்கோ அது முன்பே தெரியும். ஓடைக்கரையில் அவன் கையேந்தும்போது, ‘இந்த வேண்டுதல் பலிக்கக் கூடாதே’ என்று நாம் எதிர்வேண்டுதல் செய்கிறோம். போர்க்களத்து வருணனை எதுவும் என்னை இந்த அளவு பதற வைத்ததில்லை.

கஞ்சா நகரத்து நிஜாமி வேறு மாதிரி. அவருடைய காவியங்கள் இறைத்துதி, முனாஜாத்து எனப்படும் இறைவேண்டுதல், நபிபுகழ் என்றுதான் தொடங்கும், நம் காப்புச் செய்யுள் போல. (தமிழ் முஸ்லிம் புலவர்களும் முனாஜாத்தைத் தனிச் சிற்றிலக்கியமாகவே வளர்த்தார்கள்.) முகப்பில் கவி தன் குரலில் செய்கிற வேண்டுதலைக் கதைக்குள் பாத்திரத்தின் வாயில் வைத்துவிடுவதுதான் அவர் சாமர்த்தியம். 1188இல் முடித்த லைலா மஜ்னூனில், பித்துத் தெளியட்டும் என்று மகனைக் கஃபாவுக்கு அழைத்துப் போகிறார் தந்தை. இந்தக் காதலிலிருந்து விடுவி என்று கேளப்பா என்று சொல்லியும் கொடுக்கிறார். மஜ்னூன் அழுகிறான், பிறகு சிரிக்கிறான். துள்ளி எழுந்து கதவு வளையத்தைப் பற்றிக்கொண்டு, காதலை இன்னும் கூட்டு, என் ஆயுளில் மிச்சமிருப்பதை எடுத்து லைலாவின் ஆயுளில் சேர் என்கிறான். கூடவே நின்று கேட்கிற அப்பாவின் நிலையை நினைத்தால்தான் சங்கடமாக இருக்கிறது. இனி இவனைத் திருத்த முடியாது என்பது அவருக்கும் நமக்கும் ஒரே நொடியில் புரிந்துவிடுகிறது. கதையில் அதற்கு மேல் மருத்துவம் இல்லை.

ரூமியிடம் வந்தால் பொறுமை வேண்டும். அவருடைய மஸ்னவி காவியத்தின் மூன்றாம் புத்தகத்தில் தாவூது நபி காலத்து ஆள் ஒருவன். பாடுபடாமல் பிழைக்க வழி கொடு என்று இரவும் பகலும் கேட்கிறான். ஊரே சிரிக்கிறது. ஒருநாள் ஒரு மாடு கதவை முட்டித் திறந்துகொண்டு வீட்டுக்குள் வருகிறது. கேட்டது வந்துவிட்டது என்று அறுத்துவிடுகிறான். மாட்டுக்காரன் வந்து சட்டையைப் பிடிக்கிறான்.

அங்கேதான் ரூமி நம்மை அம்போ என்று விட்டுப் போகிறார். உங்களுக்கு உடம்பு சரியில்லையே என்று சொல்லிச் சொல்லியே வாத்தியாரைப் படுக்க வைக்கும் பிள்ளைகள் கதை வருகிறது. அப்புறம் தகூகீ என்ற இறைநேசரின் கதை. கடற்கரையில் தொழுகை நடத்திக்கொண்டிருக்கும் தகூகீ, புயலில் தவிக்கும் கப்பலைக் கண்டு இரங்கி வேண்டுகிறார். கப்பல் பிழைக்கிறது. பின்னால் தொழுதவர்களோ, இறைவன் காரியத்தில் தலையிட்டது யார் என்று முணுமுணுத்துவிட்டு மறைந்துபோகிறார்கள். நூற்றுக்கணக்கான ஈரடிகளுக்குப் பிறகுதான் வழக்கு தாவூதிடம் வருகிறது. முதலில் மாட்டுக்காரன் பக்கம் தீர்ப்பு. தாவூது தனியறைக்குள் போய்த் தொழுதுவிட்டு வந்ததும் அது தலைகீழாகிறது. மாட்டுக்காரன் ஒரு காலத்தில் தன் எஜமானைக் கொன்று சொத்தை அமுக்கியவன். வேண்டிக்கொண்டிருந்தவனே அந்தச் சொத்தின் வாரிசு. மரத்தடியைத் தோண்டினால் தலையும் கத்தியும் கிடைக்கின்றன.

இந்த இடைச்செருகல்களை வளவளப்பு என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேண்டிக் காத்திருக்கிறவனின் நாட்கள் எப்படிக் கழியும்? சம்பந்தமில்லாத சங்கதிகளில்தானே! அந்தக் காத்திருப்பை வாசகன் தலையிலும் ஏற்றிவிடுகிறார் ரூமி.

இப்போது ரூமி என்ற பெயரில் இரண்டு வரி, நான்கு வரி மேற்கோள்கள்தான் கைபேசியில் சுற்றுகின்றன. அவை போதும் என்று இருந்துவிடாதீர்கள். 1925 முதல் 1940 வரை அறிஞர் நிக்கல்சன் பதிப்பித்த மஸ்னவியில் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கிறது. அதில் மூன்றாம் புத்தகத்தை எடுத்து, மாடு வீட்டுக்குள் நுழையும் இடத்திலிருந்து தாவூதின் தீர்ப்பு வரை, நடுவில் ஒரு பக்கமும் தள்ளாமல் படித்துப் பாருங்கள்.