நாலு முழ வேட்டி

என் வீட்டுக்காரர் 2024 புரட்டாசியில் தவறினார். வயது 72. அடுத்த சித்திரையில், வருஷம் திரும்புவதற்குள், சிந்துபூந்துறை வீட்டையும் காலி பண்ணினோம். "துக்கம் கழியட்டுமே, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கேட்டவர்களில் ஒருவரும் வீட்டின் மேற்குச் சுவரைப் பார்த்ததில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகி உள்ளே வந்தபோது ஊறிய சுவர் அது. விரிசலில் விரல் நுழையும். கொழுந்தன்மார் இருவரும் பங்கு கேட்டார்கள்; அதில் தப்பில்லை. வாங்க வந்தவர் மனைக்கு மட்டும்தான் விலை பேசினார். வீட்டை இடித்துவிடுவாராம்.

நான் சொல்ல வந்தது பங்கைப் பற்றியோ விலையைப் பற்றியோ அல்ல. பேரப்பிள்ளைகளுக்கு நாங்கள் செய்த ஒரு தப்பைப் பற்றி.

அவர் தவறிய நேரம் பிள்ளைகளுக்குக் காலாண்டுத் தேர்வு. மகனும் மருமகளும் தாம்பரத்திலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினார்கள். பேத்திக்கு 13 வயது, பேரனுக்கு 8. இருவரையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். பேத்தியிடம் விஷயத்தைச் சொன்னார்கள். பேரனிடம், தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும். குறுக்குத்துறையில் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்த பிறகுதான் போனில் அவனுக்கு விவரம் போயிற்று. பதினாறாம் நாள் காரியத்துக்கு அவனைக் கூட்டி வந்தபோது வீட்டில் மாலை போட்ட படம் இருந்தது, இலை போட்டுச் சாப்பாடு இருந்தது, தாத்தா இல்லை. அவன் அழவில்லை. "சின்னப்பிள்ளைதானே, புரியல" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 31 வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு கிடந்தவள் நான். என் வீட்டுப் பிள்ளையைப் படிக்கத் தெரியவில்லை.

கோடை விடுமுறைக்கு வந்தான். வந்த அன்றைக்குச் சாயங்காலம் தார்சாவில் தாத்தாவின் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, யார் சொன்னாலும் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்து, "எல்லாரும் பாத்தீங்கள்ல ஆச்சி? என்னை மட்டும் ஏன் கூப்பிடல?" என்றான்.

ஏழெட்டு மாதமாக அந்தக் கேள்வியை வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறான். என்ன சமாதானம் சொல்வது? "தப்புதான்யா, கூப்பிட்டிருக்கணும்" என்றேன். வேறொன்றும் சொல்ல வரவில்லை.

மகன் ஒரு பேக்கர்ஸ் கம்பெனியில் பேசி வைத்திருந்தான். காலையில் ஆறு பையன்கள் வருவார்கள், அட்டைப் பெட்டியும் பபிள் ஷீட்டும் கொண்டுவருவார்கள், ராத்திரிக்குள் லாரி கிளம்பிவிடும். "உங்களுக்கு ஒரு வேலையும் இல்லம்மா" என்றான். அவனுக்கு நாலு நாள்தான் லீவு. எனக்குப் பத்து நாள் வேண்டும் என்றேன். சண்டை போட்டோம். கத்திரி வெயிலில், ஃபேன் கூடக் கழற்றப்படாத வீட்டில், அம்மாவும் மகனும் தொண்டை வறளச் சண்டை போட்டோம். கடைசியில் மருமகள்தான், "நீங்க போங்க, நானும் பிள்ளைங்களும் அத்தைகூட இருந்து முடிச்சிட்டு வர்றோம்" என்றாள். அவன் போகவில்லை. லீவை நீட்டித்துக்கொண்டான்.

அந்தப் பத்து நாளில் பேரனுக்குப் பதினாறும் நடந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

பெரியவர்களுக்குத் துக்கத்தில் செய்வதற்குக் காரியங்கள் இருக்கின்றன. வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும், சாமான் வாங்க ஓட வேண்டும், பிண்டத்துக்கு அரிசி எடுத்துவைக்க வேண்டும். கை ஓடிக்கொண்டிருப்பதால்தான் மனசு ஒருவாறு நிற்கிறது. பிள்ளைகளுக்கு மட்டும் வேலை கொடுக்காமல், பிஸ்கட்டும் செல்போனும் கொடுத்து ஓரத்தில் உட்கார வைத்துவிடுகிறோம். வீடு காலி பண்ணும்போது அவர்கள் கைக்கும் வேலை கிடைத்தது.

பேத்திக்குக் காகிதங்கள். என் வீட்டுக்காரர் கூட்டுறவுப் பண்டகசாலையில் கணக்கு எழுதியவர். எந்தக் காகிதத்தையும் எறிந்ததில்லை. 1981-லிருந்து கரண்டு பில் கட்டிய ரசீதெல்லாம் கம்பியில் குத்தித் தொங்கும். நாலு கம்பி. அவற்றின் அடியில் இன்லண்டு லெட்டர்கள். பேத்தி ஒன்றை எடுத்துச் சத்தமாக வாசித்தாள். அவள் அப்பா காலேஜ் ஹாஸ்டலிலிருந்து எழுதியது. மெஸ் பாக்கிக்கு 300 ரூபாய், அம்மாவிடம் சொல்ல வேண்டாம். ஓரத்தில் இவர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'ரூ. 400 அனுப்பியது.' டேப்பும் கத்தரியுமாக நின்ற என் மகன் அப்படியே பட்டாசலில் உட்கார்ந்துவிட்டான். கொள்ளி வைத்த அன்றைக்குக்கூட அவன் அப்படி அழவில்லை. பிள்ளைகள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

(அந்த 300 ரூபாய் விஷயம் எனக்கு அப்போதே தெரியும். இவர் எதையும் என்னிடம் மறைக்கத் தெரியாதவர்.)

எல்லாச் சாமானுக்கும் மனசு இளகினேன் என்று நினைக்க வேண்டாம். பித்தளை அண்டா இரண்டையும் நிறுத்துப் போட்டேன். மாமியார் பெயர் வெட்டிய குத்துப்போணியை மட்டும் வைத்துக்கொண்டேன். மகன் எனக்கும் சேர்த்துப் பார்த்திருந்த வீடு மூன்றாவது மாடி; அம்மியை அங்கே யார் தூக்குவது? எதிர்வீட்டுப் பெண் கேட்டாள், கொடுத்தேன். சுளவும் நார்ப்பெட்டியும் அவளுக்கே. மிச்சமிருந்த மாத்திரைகளை மருமகள் என் கண்ணில் படாமல் எடுத்துப்போட்டாள். அந்த ஒன்றை மறைத்ததற்காக அவளுக்கு நன்றி.

காகித வேலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். போன் நம்பரை மறந்துவிடுவார்கள். பாங்கிலும் காஸிலும் அவர் நம்பரைத்தான் கொடுத்திருப்போம். ஓடிபி அதற்குத்தான் வரும். எல்லாவற்றையும் மாற்றும் வரை அந்த சிம்முக்கு ரீசார்ஜ் பண்ணிக்கொண்டே இருங்கள். வாக்காளர் பட்டியலிலிருந்து அவரை நீக்கப் படிவம் 7, என்னை இடம் மாற்றப் படிவம் 8. ரேஷன் கார்டில் அவர் பெயரை நீக்கினார்கள். மகன் கார்டில் சேர்ப்பதற்காக என் பெயரையும் நீக்கினார்கள். ஒரே நாளில் இரண்டு பேரும் நீங்கினோம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், "காரணம்?" என்று இரண்டு தடவை கேட்டாள். இரண்டு பதில் சொன்னேன்.

பேரனுக்கு வந்து சேர்ந்தது பட்டாசல் நிலைக்கதவு. தேக்கு நிலை. அதில் இவர் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். 1992 நவம்பர் வெள்ளம் வந்து நின்ற மட்டம் ஒரு கோடு. என் மகனின் பிறந்தநாள் உயரங்கள் ஏணிப்படி போலப் பல கோடுகள். பேத்திக்கு, பேரனுக்கு. எல்லாவற்றுக்கும் நடுவில் 2023 வெள்ளம். முதல் வெள்ளத்துக்கும் இதற்கும் நாலு விரற்கடைதான் வித்தியாசம். சேறு அள்ளிக் கழுவிவிட்ட மறுநாளே, முதுகு நிமிர முடியாத நிலையில், குனிந்து அந்தக் கோட்டைப் போட்டார். "இதுக்கு இப்ப என்ன அவசரம்?" என்று ஏசினேன்.

"ஆச்சி, 92-ல அப்பா முங்கியிருப்பாங்களா?" என்று பேரன் கேட்டான். அளந்து பார்த்தோம். 8 வயசு அப்பாவுக்குத் தண்ணீர் தோளுக்கு வந்திருக்கும். தாத்தா அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு தட்டட்டிக்கு ஏறினார் என்று சொன்னேன். அவன் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னான்.

நிலையைக் கழற்றித் தர வேண்டும் என்றான். அது பழைய மரக்கடைக்காரருக்குப் பேசி முடிந்துபோயிற்று. மகன் போட்டோ எடுத்துக் காட்டினான். "போட்டோல எப்படி அளக்கறது?" என்று பேரன் ஒதுக்கிவிட்டான். பிறகு அவனே உள்ளே போய் கொடியில் கிடந்த தாத்தாவின் நாலு முழ வேட்டியை எடுத்து வந்தான். தானம் கொடுத்தது போக மிஞ்சிய பழைய வேட்டி. நிலையோடு நீளவாக்கில் ஒட்டிப்பிடிக்கச் சொன்னான். மேலே நான், கீழே பேத்தி. ஒவ்வொரு கோடாக மார்க்கர் பேனாவால் வேட்டியில் ஏற்றினான். வருஷத்தையும் பெயரையும் எழுதினான். ஒரு மத்தியானம் முழுக்க ஆயிற்று. நடுவில் ஒரு தடவை வேட்டியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் குறுக்குத்துறை போனோம். முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வரும் என்று தெரிந்தால் உற்சவரையும் உண்டியலையும் கரைக்கு மேலே இருக்கிற மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், வடிந்த பிறகு கழுவிவிட்டுத் திரும்பக் கொண்டுவருவார்கள். மூலவர் பாறையில் செதுக்கியவர். அவர் தண்ணீருக்குள்ளேயே இருப்பார். இதைச் சொல்லிக்கொண்டே படித்துறையில் கால் நனைத்தோம். பேரன் யோசித்துவிட்டு, "தாத்தா மூலவரா, உற்சவரா?" என்றான். எனக்குத் தெரியவில்லை என்றேன். இன்றைக்கும் தெரியவில்லை.

மகன் பார்த்திருந்த மூன்றாவது மாடி வீடு தாம்பரம் பக்கம் முடிச்சூரில். பால் காய்ச்ச வேண்டும். முந்தின நாளே என் மதினி போனில், "நீ அடுப்புப் பக்கம் போகாத, பிள்ளைங்க காய்ச்சட்டும்" என்று சொல்லிவிட்டாள். கெட்ட எண்ணமில்லை, அவள் வளர்ந்த விதம். நானும் ஒதுங்கித்தான் நின்றேன். மருமகள் தீப்பெட்டியை என் கையில் வைத்தாள். "நீங்க இருக்கப்போற வீடுதானே அத்தை, பத்த வைங்க." இத்தனைக்கும் எனக்கும் அவளுக்கும் அவ்வளவு ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது, என் சாம்பாரில் அவளுக்குப் புளி அதிகம், அவளுடையதில் எனக்கு உப்புக் குறைவு. பற்ற வைத்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. மிச்சப் பாலில் காபி போட்டோம்.

ஒரு வாரம் கழித்து, சாயங்காலம் விளையாடப் போன பேரன் மூச்சிரைக்க மேலே ஓடி வந்தான். கார் நிறுத்துகிற இடத்துத் தூணில், 2015-ல் தண்ணீர் எதுவரை நின்றது என்று செக்யூரிட்டி தாத்தா காட்டினாராம். பீரோவைத் திறந்து வேட்டியை எடுத்தான்.

"வாங்க ஆச்சி, ஒரு ஆள் மேல பிடிக்கணும்."

லிஃப்ட் அன்றைக்கு வேலை செய்யவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினேன்.