சத்தம் வேறு, சங்கீதம் வேறு

வீட்டில் ஹைஃபை செட் இருக்கிறது என்று சொன்னால், "சத்தம் எவ்வளவு வரும்?" என்றுதான் நம்மவர்கள் முதலில் கேட்பார்கள். அதில் வியப்பில்லை. தோட்டத்துக் கல்யாணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் குழாய் அடுத்த டிவிஷன் வரைக்கும் பாட்டைக் கொண்டுபோகும். ஆனால் குரலும் தாளமும் குழம்பிப்போய்தான் அங்கே போய்ச் சேரும். நல்ல ஹைஃபையின் பெருமை சத்தத்தில் இல்லை. மெதுவாக வைத்தாலும் எல்லாவற்றையும் தெளிவாகக் கேட்க வைப்பதில்தான் இருக்கிறது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது லயத்து வாழ்க்கை. ஜொகூர் மாநிலம், குளுவாங் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் 1980களின் தொடக்கத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு ஸ்டீரியோ செட் வந்தது. ரேடியோ, கேசட், தனித்தனியாக இரண்டு ஸ்பீக்கர்கள். மாதத் தவணையில் வாங்கியது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். விடியுமுன் பெரட்டுக்கு எழ வேண்டியவர்கள். இரவில் அலற வைப்பது மரியாதை ஆகுமா? ஆகவே மெதுவாக வைத்துவிட்டு, எல்லாரும் பாயில் நெருங்கி உட்கார்ந்து கேட்போம். இரவு மின்சார இயந்திரத்தை நிறுத்தினால் விளக்கோடு பாட்டும் அணைந்துவிடும். அதனால் ஒவ்வொரு பாட்டும் எங்களுக்கு அருமையானது.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தைத் திடலில் திரை கட்டிப் பார்த்த எங்களுக்கு நாயனம் என்றால் சிவாஜிதான். ஒரு நாள் அந்தப் பாட்டு ஓடும்போது அம்மா கையமர்த்தி, "ரெண்டு பேரு ஊதுறாங்க, கேளு" என்றார். பள்ளிக்கூடம் போகாதவர், இருபது வருடம் மரம் வெட்டியவர். அவர் சொன்னது சரி. திரைக்குப் பின்னால் வாசித்தவர்கள் மதுரையைச் சேர்ந்த எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். முகம் தெரியாமல் உழைத்தவர்களை, முகம் தெரியாமல் உழைத்த ஒருவர் காதாலேயே கண்டுகொண்டார் என்று எனக்குப் பின்னாளில் தோன்றியது.

அந்தக் காலப் பாடல்கள் ஒற்றைத் தடத்தில் பதிவானவை. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான் வரும். இளையராஜா இசையமைத்த 'ப்ரியா' (1978), ஸ்டீரியோவில் பதிவான தொடக்ககாலத் தமிழ்ப் படப் பாடல்களைக் கொண்டது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் எடுத்த படம் என்பதால் நமக்கு அதன்மேல் தனிப் பாசம் உண்டு. ஸ்டீரியோவில் ஒரு கருவி இடப்பக்கம், இன்னொன்று வலப்பக்கம், பாடுகிறவர் நடுவில் என்று வீட்டுக்குள்ளேயே ஒரு மேடை எழும்பும்.

இந்த இன்பத்துக்குப் பெரிய வீடு வேண்டாம். இரண்டு ஸ்பீக்கர்களும் நீங்களும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளாக, சம தூரத்தில் இருந்தால் போதும். ஸ்பீக்கரைத் தரையில் வைக்காமல் காது உயரத்துக்கு முக்காலியில் வையுங்கள். சுவர் மூலையில் ஒட்டி வைத்தால் அடிநாதம் வீங்கிக் குரலை விழுங்கிவிடும். கேசட் வைத்திருப்பவர்கள், நம் நாட்டு ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்காமல் உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். நாடா உரசிப் போகும் தலைப்பகுதியைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அவ்வப்போது துடைத்தால் ஒலி மங்காது.

இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பல குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு வந்துவிட்டன. கைப்பேசியில் எந்தப் பாட்டும் நொடியில் கிடைக்கிறது. ஆனால் ஒரே வீட்டில் நால்வர், நால்வர் காதிலும் வெவ்வேறு பாட்டு! அந்தக் கைப்பேசியையே ஒரு ஒயர் போட்டுப் பழைய செட்டில் இணைக்கலாம். வாரத்தில் ஒரு மாலை, பக்கத்து வீட்டுக்குத் தொல்லையில்லாத அளவில் வைத்துச் சேர்ந்து உட்காருங்கள். தாத்தா பாட்டியையும் அழைத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்குள் யார் யார் வாசிக்கிறார்கள் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். வீட்டில் பெரியவர்களின் காது எவ்வளவு கூர்மையானது என்பதும் அப்போது அவர்களுக்குத் தெரியவரும்.