படிவத்தில் எழுதும் தொழிலும் ஒரு சாட்சியமே



ஜூலை மாதம் பிறந்துவிட்டால் எங்கள் விஸ்வநத்தத்தில் ஓய்வு என்பதே இராது. பட்டாசு ஆலைகள் தீபாவளியை நோக்கி விரைந்துகொண்டிருக்கும். ஆடிப்பெருக்கன்று வெளியாகும் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களுக்காக சிவகாசி அச்சகங்கள் இரவு பகலாக ஓடும். இவற்றுக்கு நடுவே, வழக்கமாக ஜூலை 31ஆம் தேதியோடு முடிவடையும் வருமான வரிக் கணக்குத் தாக்கலும் வந்து நிற்கும்.

என் மைத்துனர் இவ்வூரில் சிறிய கணினி மையம் ஒன்று நடத்துகிறார். பிள்ளைகளின் ஓதல் முடிந்த பிறகு சற்று நேரம் அங்கே அமர்வது என் வழக்கம். வருபவர்கள் கொண்டுவரும் தாள்களைப் படித்துச் சொல்வேன். பெயர், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு எண் என எல்லாக் கேள்விகளுக்கும் தயங்காமல் பதில் சொல்பவர்கள், "என்ன தொழில் என்று போடட்டும்?" என்று கேட்டதும் சற்றே நிறுத்தி, "நீங்களே எதையாவது போடுங்கள், பாய்" என்று கூறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த "எதையாவது" என்ற சொல்லைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

சம்பளம் பெறுவோருக்கான எளிய படிவத்தில் வேலையின் தன்மை கேட்கப்படுகிறது. வியாபாரம் செய்வோரின் படிவத்திலோ, நீண்ட பட்டியலிலிருந்து தொழிலுக்குரிய குறியீட்டு எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுண்டெலியை ஒருமுறை அழுத்தினால் முடிந்துவிடும் வேலை என்பதால் இதனைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் எந்த விதியின்படி வருமானம் கணக்கிடப்படும் என்பதும் பெரும்பாலும் அந்தத் தேர்வோடு இணைந்தே நிற்கிறது.

காலண்டர், டைரி ஆர்டர் பிடிக்கும் சகோதரர் ஒருவரின் நிலையைச் சொல்கிறேன். அவர் ஊர் ஊராகச் சென்று கடைக்காரர்களிடம் ஆல்பத்தைக் காட்டி, ஆர்டரை அச்சகத்திடம் ஒப்படைத்துக் கமிஷன் பெறுபவர். சரக்கு எதையும் சொந்தமாக வாங்கி விற்பதில்லை. முந்தைய ஆண்டு வேறோர் இடத்தில் தாக்கல் செய்த கணக்கில் அவர் சில்லறை வியாபாரி என்று பதிவாகியிருந்தது.

அவ்வாறு எழுதியதற்குக் காரணம் உண்டு. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவு, 2 கோடி ரூபாய் வரை விற்றுவரவு உள்ள சிறு வியாபாரிகளுக்கு ஒரு சலுகை அளிக்கிறது. விரிவான கணக்குப் புத்தகம் வைக்காமலேயே, வரவில் 8 சதவீதத்தை, வங்கி வழியே வந்த தொகையாயின் 6 சதவீதத்தை, இலாபமாகக் காட்டலாம். ஆனால் கமிஷன், தரகு, ஏஜென்சி வருமானம் ஈட்டுவோருக்கு இச்சலுகை இல்லை என்று அதே பிரிவு தெளிவாக விலக்கிவிட்டது. விலக்கில் உள்ள காரணத்தை எவரும் உணரலாம். வியாபாரியின் வரவில் பெரும்பகுதி சரக்கின் விலையாகப் போய்விடும். கமிஷன் பெறுபவருக்கோ பயணச் செலவு, தொலைபேசிச் செலவு போக எஞ்சுவதெல்லாம் வருமானமே.

உதாரணமாக, 6 லட்ச ரூபாய் கமிஷன் பெற்றவர் 8 சதவீதம் என்று காட்டினால் அவருடைய ஆண்டு வருமானம் 48,000 ரூபாய் ஆகிவிடும். நான்கு பேர் கொண்ட குடும்பம் அந்தத் தொகையில் ஓராண்டு உண்டு உடுத்தி வாழ்ந்தது என்று எவர் நம்புவார்? மேலும், கமிஷன் கொடுக்கும் நிறுவனம் 194எச் பிரிவின் கீழ் வரி பிடித்தம் செய்தால், அவருடைய பான் எண்ணுக்குரிய 26ஏஎஸ் அறிக்கையில் அது கமிஷன் என்றே பதிவாகும். அவருடைய ஒரு தாளை அவருடைய மற்றொரு தாளே பொய்யாக்கிவிடும். வருமானத்தைத் தவறாகக் காட்டியது உறுதியானால் அதனால் குறைந்த வரியில் 200 சதவீதம் வரை அபராதம் விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

இதில் வேதனை என்னவென்றால், இப்பொய்யினால் பல வேளைகளில் ஒரு பயனும் விளைவதில்லை. 2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரிமுறையில் இத்தகைய வருமானம் 12 லட்ச ரூபாய் வரை இருந்தால் செலுத்த வேண்டிய வரியே இல்லை. அச்சகோதரர் செலவுகளைக் கழித்து உண்மையான வருமானத்தைக் காட்டியிருந்தாலும் ஒரு ரூபாய் வரி வந்திராது. அதற்குரிய படிவம் சற்று நீளமானது. எழுதியவருக்கு அரை மணி நேரம் மிச்சமாயிற்று, அவ்வளவுதான்.

இரண்டாவது நிலை இன்னும் கவலைக்குரியது. பட்டாசு ஆலையில் போர்மேனாக வேலை பார்ப்பவர், வாரக்கூலியை ரொக்கமாகப் பெறுபவர், வீட்டுக் கடனுக்காக வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வருகிறார். முதலாளி தரவேண்டிய படிவம் 16 அவரிடம் இல்லை. "படிவம் 16 இல்லாவிட்டால் சம்பளம் என்று காட்ட முடியாது; சொந்த வியாபாரம் என்று போட்டுவிடலாம்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இது தவறான செய்தி. அந்தத் தாள் இல்லையென்றாலும் சம்பளம் சம்பளமே. பெற்ற கூலியைக் கணக்கிட்டுச் சம்பளம் என்ற தலைப்பிலேயே காட்ட வேண்டும்.

இதனை நான் வலியுறுத்தக் காரணம் நம் ஊரின் நிலைதான். வெடிவிபத்தில் தந்தையை இழந்த பிள்ளைகள் இப்பகுதியில் எத்தனையோ பேர். வேலையில் நேரும் விபத்துக்கு இழப்பீடு தரவேண்டும் என்ற சட்டம் இந்நாட்டில் 1923 முதல் இருந்துவருகிறது. அந்த உரிமை தொழிலாளிக்கு உரியது. அவர் கைப்படத் தாக்கல் செய்த கணக்கோ அவரை வியாபாரி என்கிறது. நாளை ஏதேனும் நேர்ந்து (அல்லாஹ் காப்பாற்றுவானாக) எதிர்த்தரப்பு அந்தத் தாளை எடுத்து நீட்டினால், "எங்கள் அத்தா கூலிக்குத்தான் போனார்கள்" என்று நிரூபிக்கும் சுமை இத்தாவில் இருக்கும் ஒரு பெண்ணின் தலையில் விழும். அலட்சியமாக எழுதிய ஒரு சொல் யதீம்களின் உரிமைக்குக் குறுக்கே நிற்கலாம்.

மூன்றாவதாகச் சிலர் வெட்கத்தினால் மறைக்கிறார்கள். "பட்டாசு வியாபாரம் என்று போடவேண்டாம், பொது வியாபாரம் என்று போடுங்கள்" என்கிறார்கள். ஒரு தொழில் மார்க்கத்தில் கூடுமா என்ற ஐயம் உள்ளத்தில் இருந்தால், அதனை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுவதே முறை. பெயரை மாற்றி எழுதுவதால் எந்தத் தொழிலும் ஹலாலாகிவிடாது. ஹலாலான தொழிலாயின் மறைக்க வேண்டிய தேவையே இல்லை.

உழைப்பை அடையாளமாக ஏற்பதில் நம் முன்னோர் வெட்கப்பட்டதில்லை. தாவூத் (அலை) அவர்கள் தம் கரங்களால் உழைத்தே உண்டார்கள் என்றும், ஸக்கரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்றும் ஹதீஸ்கள் அறிவிக்கின்றன. ஹனஃபி மத்ஹபின் பேரறிஞர் கஸ்ஸாஃப் என்பவரின் பெயருக்குச் செருப்புத் தைப்பவர் என்று பொருள். அவர் அத்தொழிலாலேயே வாழ்ந்தார். ஜஸ்ஸாஸ் என்றால் சுண்ணச்சாந்து வேலை செய்பவர். ஷாஃபிஈ மத்ஹபின் கஃப்பால் அல்மர்வஸீ பூட்டுச் செய்பவராக இருந்து பின்னர் கல்விக்கு வந்தவர். நூற்றாண்டுகள் கடந்தும் நம் மதரஸாக்களில் அவர்கள் தொழிற்பெயராலேயே மரியாதையோடு அழைக்கப்படுகிறார்கள்.

எழுதிக் கொடுப்பவருக்கும் எழுதச் சொல்பவருக்கும் உள்ள பொறுப்புகளைத் திருக்குர்ஆன் பிரித்தே பேசுகிறது. சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம், குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடன் பத்திரத்தைப் பற்றியது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும் என்றும், பொறுப்பு எவர் மீது உள்ளதோ அவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்றும், அவரால் இயலாதபோது அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும் என்றும் அது கட்டளையிடுகிறது. வரிக் கணக்கு கடன் பத்திரம் அன்று. எனினும் இந்த ஒழுங்கு நமக்கு நல்ல வழிகாட்டி. எழுதுபவர் தாமாக இட்டுக்கட்டக் கூடாது. எழுதச் சொல்பவர் "எதையாவது போடுங்கள்" என்று ஒதுங்கிவிடவும் கூடாது.

இன்று பலரும் கணக்கைத் தாக்கல் செய்ததும் ஆதார் வழியே வரும் ஓடிபி எண்ணைத் தொலைபேசியிலேயே சொல்லிவிடுகிறார்கள். அந்த எண்தான் உங்கள் கையொப்பம். இதில் உள்ளவை சரியானவை, முழுமையானவை என்று உறுதியளிப்பவர் நீங்களே; கணினியில் தட்டியவர் அல்லர். அமெரிக்காவில் வாழும் நம் சகோதரர்கள் நிரப்பும் 1040 படிவத்தில், கையொப்பமிடும் இடத்தின் அருகிலேயே தொழிலைக் குறிக்கும் கட்டம் இருக்கிறது. பொய்ச் சாட்சியத்தைப் பெரும்பாவங்களுள் ஒன்றாக எண்ணிச் சொன்னபோது, சாய்ந்திருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நிமிர்ந்து அமர்ந்து அதனைத் திரும்பத் திரும்பக் கூறினார்கள் என்ற அறிவிப்பை இவ்விடத்தில் நினைவுகூர்வது நலம்.

ஆகவே சகோதர சகோதரிகளே, ஓடிபி எண்ணைச் சொல்லும் முன் தாக்கல் செய்த கணக்கின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். படிக்கத் தெரியாவிட்டால் கல்லூரி செல்லும் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தொழில் என்ற இடத்தில் என்ன இருக்கிறது, வருமானம் சம்பளமா, கமிஷனா, வியாபாரமா என்று பாருங்கள். முந்தைய கணக்கில் தவறு தெரிந்தால் திருத்திய கணக்குத் தாக்கல் செய்யக் காலவரம்போடு வழி உண்டு. தகுதியுள்ள ஆடிட்டரிடம் கேளுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குரிய புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு. உண்மையை எழுத வேண்டும் என்ற கடமை மாறாது. கணினி மையம் நடத்தும் இளைஞர்களே, உங்கள் முன் அமர்ந்திருப்பவரின் தொழிலை நீங்கள் ஊகிக்காதீர்கள். காலையில் எங்கே போகிறீர்கள், கையில் பணம் தருபவர் யார் என்று இரண்டு கேள்விகள் கேளுங்கள். உரிய சொல் தானே கிடைத்துவிடும்.

வல்ல ரஹ்மான் நம் உழைப்பில் பரக்கத்தையும், நாம் எழுதுவதில் உண்மையையும் தந்தருள்வானாக. ஆமீன்.