இடைவெளியும் வேண்டும்

பாய்க்கப்பலைப் படத்திலே பார்த்துப் பழகிய நமக்கெல்லாம், பாய்மரம் என்பது மேல்தளத்தில் நட்டு வைத்த ஒரு கம்பம் என்றுதான் எண்ணம். மேடையிலே கொடிக்கம்பம் நடுவதுபோல நட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி நிற்கும் படகுகளும் உண்டு. ஆனால் பழைய மரக்கலங்களிலும், கடலோடும் பாய்ப்படகுகள் பலவற்றிலும், மரம் தளத்தின்மேல் நிற்பதில்லை. தளத்திலே ஒரு துளை. அத்துளை வழியே மரம் கீழே இறங்கி, ஏரா எனப்படும் அடிமரத்தின்மீது ஊன்றி நிற்கிறது. தளம் அதற்கு இடுப்பிலே ஒரு பிடி, அவ்வளவுதான்.

அந்தத் துளையை மரத்தின் பருமனுக்குச் சரியாக வெட்டுவதில்லை. சுற்றிலும் வெளி விட்டே வெட்டுகிறார்கள். விட்ட வெளி வழியே மழைநீரும் அலைநீரும் இறங்கும். இறங்கிய நீர் மரத்தின் காலடியில் தேங்கும். தேக்கோ தேவதாருவோ எதுவானாலும் நாளடைவில் உளுக்கும்; அலுமினியமானால் உப்பு நீர் அரிக்கும். மேலே பாய் புத்தம் புதியதாய் இருக்கலாம். கால் அழுகிய மரம் ஒரு பெருங்காற்றுக்குத் தாங்காது. ஆகவே வெளியை அடைத்தாக வேண்டும். எதைக்கொண்டு அடைப்பது, எப்படி அடைப்பது என்பதே கேள்வி.

நான் தூத்துக்குடிக்காரன். தோணித் துறைக்குப் பக்கத்திலே வளர்ந்தும் இந்தக் கேள்வி எனக்கு அங்கே தோன்றியதில்லை. மும்பைக்கு வந்து, பலபடி வேதியியலில் முதுகலை படிக்கத் தொடங்கிய பிறகே தோன்றியது. ஆய்வுக்கூடத் தோழன் ஒருவன் கொங்கணக் கரையைச் சேர்ந்தவன். சென்ற மழைக்காலத்துக்கு முன், தன் மாமாவின் படகுப் பட்டறைக்கு என்னை அழைத்துச் சென்றான். கரையேற்றியிருந்த பழைய தேக்குப் படகு ஒன்றின் மரத்தை அன்று உருவி எடுத்திருந்தார்கள். அங்கிருந்த முதிய மிஸ்திரியிடம், "சாச்சா, துளையை மரத்துக்குச் சரியாகவே வெட்டிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். அவர் உளியைக் கீழே வைக்கவில்லை. "மரத்தை அசையாதே என்று நீ சொல்லு, தம்பி. அது கேட்டால் நான் சரியாக வெட்டித் தருகிறேன்" என்றார்.

அவர் சொன்னதை நான் பாடப் புத்தகத்தின் கணக்கிலே போட்டுப் பார்த்தேன். காற்றில் மரம் 2 மில்லிமீட்டர் அசைகிறது என்று வைத்துக்கொள்வோம். இடைவெளியும் 2 மில்லிமீட்டர்தான் என்றால், அதில் நிரப்பிய பசை தன் அகலத்தைப்போல் இரண்டு பங்காக நீள வேண்டும். அதாவது 100 சதவீத நீட்சி. இடைவெளி 20 மில்லிமீட்டராக இருந்தால் அதே அசைவுக்கு 10 சதவீதம் நீண்டால் போதும். முன்னது சில நாளில் கிழியும். பின்னது ஆண்டுக்கணக்கில் உழைக்கும். இடைவெளி குறுகக் குறுக அடைப்பது எளிது என்பது நம் கண் சொல்லும் கணக்கு. இடைவெளி ஓரளவு இருந்தால்தான் அடைப்பு நிலைக்கும் என்பது ரப்பர் சொல்லும் கணக்கு.

இன்னொன்றையும் பட்டறையில் கண்டேன். அங்கே நடப்பது ஒரு வேலையன்று, இரண்டு வேலை. முதலில் மரத்தைச் சுற்றி ஆப்புகளை இறுக்குகிறார்கள். மரம் தளத்தில் மோதாமல் தாங்குவது அவற்றின் பொறுப்பு. நீரைத் தடுப்பது அவற்றின் பொறுப்பன்று. அதன்மேல் பாவாடைபோல ஓர் உறை. முற்காலத்தில் வண்ணம் பூசிய கித்தான், இப்போது நியோப்ரீன். சிக்கனக்காரர்கள் லாரி டயரின் பழைய ட்யூபையே வெட்டிப் போடுகிறார்கள். உறையைத் தலைகீழாக, உட்புறம் வெளியே தெரிய மரத்தில் மாட்டி, ஓர் எஃகுப் பட்டையால் இறுக்கி, பிறகு கீழ்நோக்கி மடித்துத் தளத்து வளையத்தில் கட்டுகிறார்கள். பட்டை மடிப்புக்குள் மறைந்துவிடும். நீர் மேலே வழிந்தோடிவிடும். உறை தொய்வாக இருப்பதால் மரம் அசையும்போது அதற்கு நீள வேண்டிய அவசியமே இல்லை. தாங்குவது ஆப்பு, காப்பது உறை. ஒன்றன் வேலையை மற்றதன் தலையில் கட்டினால் இரண்டும் கெடும்.

இக்காலத்தில் ஆப்புக்குப் பதிலாக பாலியூரிதேன் கலவையை இடைவெளியில் ஊற்றி உறைய வைக்கும் முறையும் உண்டு. அதிலும் ஒரு நுட்பம் பாருங்கள்: தளத்து வளையத்தில் வாசலின் பூசிவிட்டுத்தான் ஊற்றுகிறார்கள். என்றைக்காவது மரத்தை வெளியே எடுக்க வேண்டியிருக்கும் அல்லவா? நம் முன்னோருக்கும் இது புதிதன்று. கூம்பையும் மேற்பாயையும் களையாமலே ஆற்றுமுகத்தில் நுழையும் பெருங்கப்பலைப் புறநானூற்றின் 30ஆம் பாட்டு காட்டுகிறது. கூம்பு என்பது பாய்மரம். களையாமல் என்று சிறப்பித்துச் சொல்வதிலிருந்தே, களைவதும் வழக்கம் என்று அறிகிறோம்.

நண்பர்களே, இதையெல்லாம் நம் சங்க மலரில் எழுதக் காரணம் உண்டு. சங்கத்திலே இவ்வாண்டு எழுந்த வழக்கை எல்லோரும் அறிவீர்கள். பொங்கல் விழாவுக்கு விடுதித் தோழர்களை அழைப்பதா, அழைத்தால் எந்த மொழியில் நடத்துவது என்பது வழக்கு. "நமக்குள் நடக்கட்டும்" என்றனர் ஒரு சாரார். "தனிச் சங்கமே எதற்கு? எல்லோரோடும் கலந்துவிடுவோம்" என்றனர் மற்றொரு சாரார்.

முதற் சாரார் இடைவெளியைத் திறந்தே வைக்கச் சொல்கிறார்கள். அதன் வழியே என்ன இறங்குகிறது என்பதை நான் கண்டிருக்கிறேன். சாப்பாட்டுக் கூடத்தில் நாம் நால்வர் தமிழில் பேசிச் சிரித்தால், எதிரே இருப்பவன் தன்னைப்பற்றித்தான் பேசுகிறோம் என்று எண்ணிக்கொள்கிறான். கேட்கவும் மாட்டான், நாமும் சொல்ல மாட்டோம். சொட்டுச் சொட்டாக இறங்கிக் காலடியில் தேங்கும் நீர் அதுதான். இரண்டாம் சாரார் இடைவெளியே இல்லாமல் ஒட்டிவிடச் சொல்கிறார்கள். மனிதர் அசையாத பொருள்கள் அல்லர். நம் ஊர் நினைவும் அவர்கள் ஊர் நினைவும் வெவ்வேறு காற்றில் அசைகின்றன. ஒட்டிய பசை முதற் காற்றிலேயே கிழியும். கிழிந்தபின் முன்னைவிட மனத்தாங்கல் மிகும்.

நான் வேண்டுவது உறை. விழாவைத் தமிழிலேயே, ஒரு பாட்டும் குறைக்காமல் நடத்துவோம். ஒவ்வொரு விருந்தினர் பக்கத்திலும் பொருள் சொல்ல நம்மில் ஒருவர் உட்காருவோம். மாதம் ஒரு மாலை, விரும்பிய எவருக்கும் தமிழ் கற்பிப்போம். நாமும் கடைக்காரரோடு பேரம் பேசும் அளவோடு நிறுத்தாமல், மராத்தியை முறையாகப் படிப்போம். நம் மரம் ஊன்றி நிற்பது தமிழிலே. தளம் இந்த நகரம். இரண்டும் ஒன்றையொன்று தேய்க்காமல் இருக்க இவ்வளவு வேலையாவது நாம் செய்ய வேண்டும்.

ஒரு முறை செய்தால் போதும் என்று எண்ண வேண்டா. வெயிலில் எந்த ரப்பரும் வெடிக்கும். சில ஆண்டுக்கொரு முறை உறையை மாற்றுவது படகுக்காரர் வழக்கம். மாணவர் கூட்டமோ இரண்டாண்டில் முற்றிலும் மாறிவிடுகிறது. ஆகவே வரும் செயற்குழுக் கூட்டத்தில் இந்த யோசனையை ஆண்டுதோறும் செய்ய வேண்டிய பணியாகக் குறிப்பேட்டில் ஏற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். விருந்தினர் பக்கத்தில் உட்காரும் பட்டியலில் முதற் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.