"வர வேண்டாம்" என்று சொன்னதால் வந்த வினை

ஊர்ப் பெற்றோருக்கு ஒரு விஷயம் எழுத வேண்டும் என்று கனநாளாக நினைத்துக்கொண்டிருந்தோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிப்பது நாங்கள் இரண்டு பேர். ஒரே கல்வியியற் கல்லூரியில் ஒரே வருடம் படித்து வெளியேறியவர்கள். போன வருடம் ஆங்கில தினப் போட்டிக்கு தரம் 7 பிள்ளைகளுக்கு ஒரு சின்ன நாடகம் பழக்கினோம். கடை முதலாளி வேஷம் ஒரு மகனுக்குக் கிடைத்தது. முதல் கிழமையே வசனம் முழுவதையும் பாடமாக்கிவிட்டார். வீடு தூரம். ஒத்திகைக்கு நின்றால் பஸ் போய்விடும், அவர் வீடு சேர மஃரிப் ஆகும். அவர் மேல் இரக்கப்பட்டு ஒரு வியாழக்கிழமை, "மகன், நீங்க இனி பிரக்டிஸுக்கு வர வேண்டாம்" என்றோம். சொன்ன வாய் எங்கள் இருவரில் யாருடையது என்பது முக்கியமில்லை. இரண்டு பேரும்தான் பக்கத்தில் நின்றோம்.

"சரி டீச்சர்" என்று போனவர் போட்டிக்கும் வரவில்லை. வேறொரு பிள்ளை தாளைப் பார்த்து அந்த வசனத்தை வாசித்தார். எங்களுக்கு மகன் மேல் கோபம். திங்கட்கிழமை அவருடைய உம்மா வந்தார். சத்தம் போடவில்லை. "மகன்ட இங்கிலீஷ் சரியில்லண்டா டீச்சர் எடுத்துட்டீங்க? ராவைக்கெல்லாம் அதத்தான் சொல்லிச் சொல்லி இருந்தாரு" என்று மட்டும் கேட்டார்.

நீங்கள் வரத் தேவையில்லை, விரும்பினால் வரலாம் என்பதுதான் எங்கள் மனதில் இருந்தது. மகனின் காதில் விழுந்தது, வராதே.

இரண்டு மாதம் கழித்து அதே வகுப்பில் 'மஸ்ட்', 'ஹெவ் டு' பாடம் வந்தது. கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தந்த அதே நான்கு கட்டத்தைக் கரும்பலகையில் போட்டோம். மஸ்ட், ஹெவ் டு இரண்டும் கட்டாயம். ஆசிரியரோ உம்மாவோ தன் வாயால் சொல்வதற்கு மஸ்ட், சட்டமோ விதியோ சொல்வதற்கு ஹெவ் டு என்பார்கள். ஆரம்பப் பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசத்தை ஒரு வரியில் சொல்லி விட்டுவிடலாம், தலை போகாது. தலை போவது கீழே உள்ள இரண்டு கட்டத்தில்தான்.

ஒரு பயிற்சி கொடுத்தோம். அரச பாடசாலையில் பணம் கட்டுவது பற்றி ஒரு வசனம். 1945 முதல் இலவசக் கல்வி, 1980 முதல் பாடநூலும் இலவசம், ஆகவே 'டோன்ட் ஹெவ் டு பே' என்று வர வேண்டும். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் 'மஸன்ட் பே' என்று எழுதியிருந்தார்கள். அதாவது பணம் கட்டுவது குற்றம்! ஏன் அப்படி என்று கேட்டதற்கு ஒரு மகள் எழும்பிச் சொன்னார்: "மஸ்ட் எண்டா கட்டாயம். நொட் எண்டா இல்ல. அப்ப கட்டாயமில்லதானே டீச்சர்?"

கணக்கு சரிதான். பிழை அந்தப் பிள்ளையில் இல்லை, எங்கள் கட்டத்தில். 'நொட்' எதைப் பிடித்துக்கொள்கிறது என்று நாங்கள் ஒருநாளும் காட்டவில்லை. 'மஸன்ட் கம்' என்றால் நொட் வருகையைப் பிடிக்கிறது: வராமல் இருப்பது கட்டாயம். 'டோன்ட் ஹெவ் டு கம்' என்றால் அது கட்டாயத்தைப் பிடிக்கிறது: கட்டாயம் போய்விட்டது, வருவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். தமிழில் 'வரக் கூடாது', 'வரத் தேவையில்லை' என்று இரண்டுக்கும் சொல் இருக்கிறது. ஆனால் நாங்கள் வாய்க்கு இலகுவாக இரண்டுக்கும் 'வர வேண்டாம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். வீட்டிலும் அப்படித்தான். பிள்ளைகள் முகத்தைப் பார்த்து அர்த்தம் பிடிக்கிறார்கள். சில நேரம் பிழையாகப் பிடிக்கிறார்கள்.

அன்றைக்கு எங்களுக்குக் கைகொடுத்தது நோன்பு. இஸ்லாம் பாடத்தில் அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்த விஷயம். ரமழானில் நோன்பு? "மஸ்ட்!" பெருநாள் அன்று நோன்பு? "மஸன்ட்!" பிரயாணி, நோயாளி? கொஞ்சம் யோசித்து, "டோன்ட் ஹெவ் டு." பின் வாங்கிலிருந்து ஒருவர், "ஆனா பிறகு களாச் செய்யணும் டீச்சர், ஹெவ் டு" என்றார். வகுப்பே சிரித்தது. நாங்களும்தான்.

சின்னப் பிள்ளைகள்? "டோன்ட் ஹெவ் டு." அப்படியென்றால் உங்கள் தம்பி தங்கச்சி நோன்பு பிடித்தால் தடுப்பீர்களா? ஒரே சத்தம். ஒருவருடைய தங்கச்சிக்கு ஐந்து வயதாம், லுஹர் வரைக்கும் பிடித்துவிட்டு 'அரை நோன்பு' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாராம். தேவையில்லை என்பதற்கும் கூடாது என்பதற்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அதற்குப் பிறகு நாங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த மகன் மூன்றாவது வரிசையில் இருந்தார். கை உயர்த்தவில்லை. மணி அடித்த பிறகு அவரைக் கூப்பிட்டு, அன்றைக்கு நாங்கள் சொன்னது 'டோன்ட் ஹெவ் டு' மகன், 'மஸன்ட்' இல்லை என்றோம். எங்கள் பிழை, மாப்பு என்றோம். கொஞ்ச நேரம் கரும்பலகையைப் பார்த்தார். "அப்ப நான் வந்திருக்கலாமா டீச்சர்?" என்றார். ஆம் என்று சொல்லத்தான் முடிந்தது. உம்மாவிடமும் போய்ச் சொன்னோம். தேத்தண்ணி தந்து அனுப்பினார்.

இந்த வருட ஒத்திகை வருகிற கிழமை தொடங்குகிறது. பெற்றோருக்கான அறிவித்தலைப் போன வெள்ளி இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம். தூரத்துப் பிள்ளைகள் எல்லா நாளும் நிற்கத் தேவையில்லை, நிற்க விரும்பினால் நிற்கலாம், போட்டி நாளில் மட்டும் கட்டாயம் வர வேண்டும் என்று போட்டிருக்கிறோம். 'வேண்டாம்' என்ற சொல் ஓரிடத்தில் வந்துவிட்டது, வெட்டினோம். விளங்காத இடம் இருந்தால் கோல் எடுத்துக் கேளுங்கள். முதல் நாள் பெயர் கொடுத்தவர்களில் அந்த மகனும் இருக்கிறார். இந்த முறை டாக்டர் வேஷம் கேட்கிறார்.