கோப்புகளுக்குள் ஓர் ஒற்றர்

உளவுக் கதை என்றால் எங்கள் தலைமுறைக்கு ஜேம்ஸ் பாண்ட்தான். ஆனால் முப்பத்தைந்து வருஷம் தணிக்கை அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளிய எனக்கு நெருக்கமானவர் ஜான் லெ காரே படைத்த ஜார்ஜ் ஸ்மைலி. குட்டை, குண்டு, தடித்த கண்ணாடி, அளவில்லாத கோட்டு. மனைவியும் அடிக்கடி விட்டுப் போய்விடுவாள்.

லெ காரேயின் இயற்பெயர் டேவிட் கார்ன்வெல். 1931-ல் இங்கிலாந்தின் பூல் நகரில் பிறந்தவர். அப்பா பெரிய மோசடிப் பேர்வழி, ஜெயிலுக்கும் போனவர். பிள்ளைக்கு ஐந்து வயதில் அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டார். வீட்டு விஷயத்தை வெளியே காட்டாமல் வளர்ந்தவருக்கு உளவு வேலை புதிதாகவா இருந்திருக்கும்? முதலில் எம்.ஐ.5, பிறகு எம்.ஐ.6. உத்தியோகத்தில் இருந்துகொண்டே எழுதியதால் புனைபெயர். 1963-ல் வந்த 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்ட்' உலகப் புகழ் தந்தது. அடுத்த வருஷம் வேலையை விட்டார்.

அதே 1963-ல்தான் பிரிட்டிஷ் உளவுத்துறையில் உயர் பதவி வகித்த கிம் ஃபில்பி, சோவியத் ஆள் என்று அம்பலமாகி மாஸ்கோவுக்கு ஓடினார். அந்தத் துரோகத்தின் நிழலில் எழுதப்பட்டது 1974-ல் வந்த 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை'. வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஸ்மைலியைத் திரும்பக் கூப்பிட்டு, உள்ளே இருக்கும் துரோகியைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். அவர் துப்பாக்கியைத் தேடவில்லை. ஓட்டல் அறையில் உட்கார்ந்து பழைய கோப்புகளைப் படிக்கிறார், பழைய ஆட்களைப் பார்த்துப் பேசுகிறார். தணிக்கைக்காரனுக்கு இதைவிட என்ன சந்தோஷம் வேண்டும்!

என்னை உலுக்கியது 1979-ல் வந்த 'ஸ்மைலிஸ் பீப்பிள்'. எதிரி கார்லா, மனநலம் குன்றிய தன் மகளை ரகசியமாகச் சுவிட்சர்லாந்தில் வைத்து, அரசாங்கப் பணத்தில் வைத்தியம் பார்க்கிறான். அந்தப் பாசத்தைப் பிடித்தே ஸ்மைலி அவனைப் பணிய வைக்கிறார். கார்லா பெர்லினில் எல்லை தாண்டி வந்து சரணடைகிறான். ஜெயித்த ஸ்மைலியின் முகத்தில் சந்தோஷமில்லை.

எங்கள் தணிக்கையில் ஒருமுறை ஒரு காசாளர் மாட்டினார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். "சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடும்னு சொல்லுங்க, எழுதிக் கொடுத்துடுவான்" என்றார் மேலதிகாரி. அப்படியே ஆயிற்று. பணமும் திரும்பி வந்தது. அன்று மாலை அறையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. குற்றம் குற்றம்தான். ஆனால் பெண்ணைப் பெற்றவனின் பயத்தைப் பிடித்துத்தான் அதை நிரூபிக்க வேண்டுமா? அந்தக் கேள்வியை நாங்கள் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. லெ காரே ஒரு நாவலாகவே கேட்டிருக்கிறார்.

2020 டிசம்பரில், 89 வயதில் அவர் காலமானார். எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது அந்த 1963 நாவலைத்தான். சிறிய புத்தகம். இரண்டு நாளில் முடித்துவிடலாம். மனதை விட்டுப் போக நாளாகும்.